மிஹ்ரான் விட்ட இடைவெளி

செத்துப்போன நாயகன் அடுத்த இரண்டு பாகங்களுக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டான் என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் அவனுடைய சவப்பெட்டி மலைமேல் ஏறுகிற காட்சி ஓடியபோது யாரும் வாய் திறக்கவில்லை. ‘சாம்பல்காவலன்’ வரிசையில் இது ஒன்பதாவது படம். இயக்குநர் கோல்பி கையைக் கட்டிக்கொண்டு நின்றபடி பார்த்தான். முப்பத்தைந்து வயதுப் பையன். இந்தக் காட்சியை எத்தனை நூறு முறை பார்த்திருப்பானோ, இன்னமும் அவன் கண் கலங்கியது. கலங்க வைத்தது படம் இல்லை, அதன் அடியில் ஓடிய இசைதான் என்று அர்ஷாக் தெர்ஸியனுக்குப் பட்டது. அந்த மெட்டை அவர் அடையாளம் கண்டுகொண்டார். கண்டுகொண்ட மாத்திரத்தில் அவர் முதுகு நாற்காலியை விட்டு நிமிர்ந்தது.

ஸ்டூடியோக்கள் நிறைந்த பர்பாங்கில் இருந்த அந்த எடிட்டிங் அறைக்கு அவர் இந்தப் படத்துக்கு இசை எழுத வந்திருந்தார். இன்னும் ஒரு சுரம்கூட எழுதவில்லை. ஓடிக்கொண்டிருந்தது வேறு படங்களிலிருந்து உருவி ஒட்டிய இசை. வெட்டிச் சேர்க்கும் காலத்தில் படத்தை மொட்டையாகப் பார்க்கச் சகிக்காது என்று பழைய படங்களின் இசையைத் துண்டு துண்டாக எடுத்து அங்கங்கே வைத்துக்கொள்வார்கள். டெம்ப் என்பார்கள். தற்காலிகம் என்பது பெயரில் மட்டும்தான். மாதக்கணக்கில் அதையே கேட்டுக் கேட்டு இயக்குநருக்கும் தயாரிப்பாளர்களுக்கும் அது காட்சியின் தோலோடு ஒட்டிப்போய்விடும். அதற்குப் பிறகுதான் இசையமைப்பாளரைக் கூப்பிட்டு, புதிதாக வேண்டும், ஆனால் இதே மாதிரி வேண்டும் என்பார்கள். எழுபதைத் தாண்டிய அர்ஷாக், வாழ்நாள் முழுவதும் அந்தப் பேச்சு காதில் விழுந்ததும் எழுந்து வெளியே வந்தவர். பெரிய படங்கள் அவர் வீட்டு வாசலுக்கு வராததற்கு அதுதான் காரணம்.

விளக்குப் போட்டதும் கோல்பி திரும்பினான்.

“இதுதான் எனக்கு வேணும். இதே கனம், இதே ஏக்கம். ஆனா நம்மளோடதா இருக்கணும். கேக்கிறவனுக்கு, அட, இந்த மாதிரி இதுவரைக்கும் கேட்டதே இல்லையேன்னு தோணணும்.”

“கேட்டதே இல்லைன்னு தோணணும். ஆனா இதே மாதிரி இருக்கணும்,” என்றார் அர்ஷாக்.

“அதேதான். கரெக்டா புடிச்சுக்கிட்டீங்க, அர்ஷாக்.”

அந்த டெம்ப்பை ஒட்டியவள் டோலோரெஸ் என்ற மியூசிக் எடிட்டர். அர்ஷாக்கை அவர் தலை கறுத்திருந்த காலத்திலிருந்து தெரிந்தவள். அவர் எழுந்து போகப் போகிறார் என்று அவள் கைப்பையைக்கூட மடியிலிருந்து எடுத்து வழிவிட்டாள். அவர் எழவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகன் தாரோன் மூச்சை விட்டது அவருக்குக் கேட்டது.

தாரோனுக்காகத்தான் அவர் அங்கே வந்ததே. கோல்பியும் அவனும் ஒரே கல்லூரி. அப்பாவும் மகனுமாகச் சேர்ந்து செய்கிறோம் என்று சொல்லி வாய்ப்பைப் பிடித்தவன் அவன்தான். இந்தப் படம் நன்றாக அமைந்தால் பத்தாவது பாகமும் அவர்களுக்கே. தாரோனின் மனைவி பிள்ளை பெறப் போகும் நேரம் வேறு. ஆனால் அர்ஷாக் எழாமல் இருந்ததற்கு மகன் காரணமில்லை. அந்த மெட்டு அவருடைய தந்தையுடையது.

மிஹ்ரான் தெர்ஸியன் அறுபதுகளில் ஒரு பெரிய ஸ்டூடியோவின் இசைப்பிரிவில் மாதச் சம்பளத்துக்கு இருந்தார். அப்போதெல்லாம் ஒரு படத்துக்கு நாலைந்து பேர் எழுதுவார்கள். திரையில் பிரிவுத் தலைவர் பெயர் மட்டும் வரும். மீனவன் ஒருவனின் மனைவி கரையில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் காட்சிக்கு மிஹ்ரான் அந்த மெட்டை எழுதினார். நாலு படி ஏறும். ஐந்தாவது படியில் கால் வைக்க வேண்டிய இடத்தில் ஒரு தாளத் தட்டு முழுக்க ஒன்றுமே இருக்காது. பிறகு வெகு கீழேயிருந்து ஒற்றைக் குழல் எழும். ஏன் அந்த இடத்தைக் காலியாக விட்டீர்கள் என்று சிறுவனாக இருந்த அர்ஷாக் கேட்டதற்கு, “அந்த இடத்துல மனுஷன் எச்சில் முழுங்குவான்டா. அங்க வாத்தியத்துக்கு என்ன வேலை?” என்றார்.

படம் வந்த வேகத்தில் பெட்டிக்குள் போய்விட்டது. வெகுகாலம் கழித்து வேறொருவர் அந்த மெட்டை எடுத்தார். ஏறுகிற படிகளில் ஒன்றைத் தள்ளி வைத்து, காலி இடத்தில் முரசை அடித்து நிரப்பினார். அந்த ஆண்டு அதற்குப் பரிசு கிடைத்தது. கிழவர் மிஹ்ரான் அதைத் தியேட்டரில் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றி மாட்டினார். சாகும்வரை பிறகு சினிமாக் கொட்டகைப் பக்கம் போகவில்லை. வழக்குப் போடு என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். நம் வீட்டுப் பொருளைத் தெருவில் போட்டு அளக்க வேண்டாம் என்று மறுத்துவிட்டார். அதற்கும் பிறகு இன்னொருவர், பரிசு வாங்கிய அந்த முரசு மெட்டைப் பார்த்து ஒன்று செய்தார். நூறு பேர் கோரஸைச் சேர்த்தார். அதுதான் இப்போது சாம்பல்காவலனின் சவப்பெட்டிக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது. நகலின் நகல். அதைப் பார்த்து இன்னொன்று எழுதத்தான் மிஹ்ரானின் மகனைக் கூப்பிட்டிருந்தார்கள்.

வீடு இருந்த கிளெண்டேலுக்குத் திரும்பும் வழியில் தாரோன் வண்டியை ஓட்டியபடி சொன்னான். “இன்னைக்கு நீங்க எந்திரிச்சுப் போகலை. ரொம்ப தேங்க்ஸ்ப்பா.”

“எனக்கு எதுக்குடா தேங்க்ஸ். உங்க தாத்தா அங்க அநாதையா உக்காந்திருந்தாரு. அவரை விட்டுட்டு நான் எப்படி எந்திரிக்கிறது?”

வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அவர் முடிவு செய்துவிட்டார். அந்தச் சாயல்தானே வேண்டும் இவர்களுக்கு? ஆளையே கொண்டுவந்து நிறுத்திவிடலாம். அப்பா எழுதிய மெட்டை, எழுதியபடி, அந்தக் காலி இடத்தோடு, பெரிய வாத்தியக் குழுவை வைத்து வாசிப்பது. திரையில் ஒரு வரி: மெட்டு, மிஹ்ரான் தெர்ஸியன். அந்தப் பெயர் எந்தத் திரையிலும் வந்ததில்லை. தன் கண் மூடுவதற்குள் அது வர வேண்டும். இதைத் தவிர இந்தப் படத்திலிருந்து அவருக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

தாரோனுக்குத் தயக்கம் இருந்தது. கோல்பியிடம் முதலிலேயே சொல்லிவிடுவோம் என்றான். சொல்லிவிட்டுப் போட்டால் அவன் காதால் கேட்க மாட்டான், கதையைத்தான் கேட்பான் என்று அர்ஷாக் மறுத்துவிட்டார். முதலில் கேட்கட்டும், கேட்டுக் கரையட்டும், பிறகு சொல்லலாம். தாரோன் தாத்தாவின் மெட்டைக் கணினியில் ஏற்றி, குழலும் பிடிலும் உண்மை போலவே ஒலிக்கும்படி அமைத்தான். காலி இடம் வந்தபோது அவன் கை விசைப்பலகைக்கு மேலே அப்படியே நின்றதை அர்ஷாக் கவனித்தார். நெடுங்காலத்துக்குப் பிறகு மகனோடு உட்கார்ந்து வேலை செய்த அந்த ஒரு வாரம் அவர் பழைய சட்டைகளைக்கூடத் தேய்த்துப் போட்டுக்கொண்டார்.

கோல்பியும் டோலோரெஸும் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஒலிக்கூடத்துக்கு வந்தார்கள். பக்லாவா இனிப்பு வைக்கப்பட்டது. தாரோன் காட்சியை ஓடவிட்டான். சவப்பெட்டி ஏறியது, மெட்டு ஏறியது, நின்றது. ஒரு தாளத் தட்டு மௌனம். கீழேயிருந்து குழல் எழுந்தது. டோலோரெஸ் கைக்குட்டையை எடுத்தாள். கோல்பி பக்லாவாவைக் கையில் வைத்துக்கொண்டே திரையைப் பார்த்திருந்தான்.

“அர்ஷாக்,” என்றான் கடைசியில், “தப்பா எடுத்துக்காதீங்க. டெம்ப்பை அப்படியே காப்பி அடிச்சிருக்கீங்களே.”

தாரோன் ஓடிக்கொண்டிருந்த காட்சியை நிறுத்தினான்.

“நடுவுல முரசு வேற விட்டுப்போச்சு. ஏதோ பைல் கட்டான மாதிரி இருக்கு,” என்று அவன் அன்பாகவே தொடர்ந்தான். “உங்களை நாங்க கூப்பிட்டதே உங்க சொந்தக் குரலுக்காகத்தான். டெம்ப் சும்மா ஒரு வழிகாட்டி. அதையே திருப்பி எழுதித் தர்றதுக்கு ஊர்ல நிறையப் பேர் இருக்காங்க.”

அர்ஷாக்கின் தாத்தா அலெப்போ நகரத்தில் தையல்காரர். பஞ்ச காலத்தில் நைந்துபோன கோட்டைப் பிரித்து, உள்பக்கத்தை வெளியே திருப்பித் தைத்துப் புதிது என்று விற்பது ஊர் வழக்கம். அவரும் திருப்பித் தைத்தார். ஆனால் ஒவ்வொருவரிடமும், இது திருப்பின கோட்டு என்று சொல்லித்தான் விற்றார். அதனால் பாதி வியாபாரம் போயிற்று. அந்த வீட்டில் பிறந்தவனைப் பார்த்து, மகன் எதிரில், அவன் வீட்டு இனிப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவன் திருடன் என்கிறான்.

“தாரோன், அந்தப் பழசைப் போடு,” என்றார் அர்ஷாக்.

தாரோன் தன் கைப்பேசியில் இருந்த பழைய பதிவைப் போட்டான். கரகரவென்ற சத்தத்துக்கு நடுவே மீனவன் மனைவி கரையில் நின்றாள். அர்ஷாக் நாலு வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னார், குரலை உயர்த்தாமல். எழுதியவர் யார், எந்த ஆண்டு, யார் எடுத்தது, அவரிடமிருந்து யார் எடுத்தது. கோல்பி உண்மையாகவே அசந்துபோனான். இரண்டாம் முறையும் போடச் சொல்லிக் கேட்டான்.

“அழகா இருக்கு. ஆனா இது யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும்.”

“தியேட்டருக்கு வர்றவனுக்கு டெம்ப் எடுத்த அந்தப் படம்தானே தெரியும், அர்ஷாக். அவன் என்ன சொல்வான்? அதுல இருந்து சுட்டுட்டாங்கன்னுதான் சொல்வான். ஒவ்வொருத்தன்கிட்டயும் போய் உங்க அப்பா கதையைச் சொல்ல முடியுமா?”

மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு அவன் போனான். பக்லாவாவைத் தின்னாமல் தட்டின் ஓரத்தில் வைத்திருந்தான்.

இரண்டு மெட்டுகளை அருகருகே வைத்துப் பார்த்து, வழக்கு வருமா வராதா என்று சொல்வதற்கென்றே அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். ஸ்டூடியோ அப்படி ஒருவரிடம் மிஹ்ரானின் மெட்டைக் கொடுத்தது. அவருடைய தீர்ப்பைச் சொல்ல அடுத்த வாரம் அப்பாவையும் மகனையும் கூப்பிட்டார்கள். நீளமான மேசை, பாட்டில் தண்ணீர், சுவரில் எட்டுச் சாம்பல்காவலன்கள் ஒரே மாதிரி முறைத்துக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைக் கோல்பிதான் சொன்னான். மிஹ்ரானின் மெட்டு டெம்ப்பில் உள்ள மெட்டோடு ஆபத்தான அளவுக்கு ஒத்துப்போகிறது. அந்த மெட்டின் சொந்தக்காரர்கள் வேறொரு பெரிய கம்பெனி, சும்மா விடமாட்டார்கள். இது பழையது என்று நிரூபிக்கலாம்தான். ஆனால் சம்பளத்துக்கு எழுதியதால் பழையதும் தெர்ஸியன் வீட்டுச் சொத்து கிடையாது. மிஹ்ரான் வேலை செய்த ஸ்டூடியோவை யார் யாரோ வாங்கி விற்றுவிட்டார்கள். ஆகவே சுலபமான வழி ஒன்று இருக்கிறது. இரண்டு சுரத்தை இடம் மாற்றிவிட்டு, அந்தக் காலி இடத்தையும் எதையாவது போட்டு நிரப்பிவிட்டால் பிறகு யாரும் கேட்க முடியாது.

“இருங்க,” என்றார் அர்ஷாக். “எங்க அப்பா எழுதினபடியே இருந்தா அது திருட்டு. அதைக் கெடுத்துட்டா சொந்தம். அப்படித்தானே சொல்றீங்க?”

“நீங்க சொல்றப்போ கேக்க நல்லா இல்லை,” என்றான் கோல்பி. “ஆனா ஆமா.”

“அவர் பேரை ஒரு வரி போடுவீங்களா?”

“போட்டா நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்னு வக்கீல் சொல்றாங்க. நீங்க தெர்ஸியன்தானே, அந்தப் பேரு எப்படியும் வரும்.”

அர்ஷாக் எழுந்தார். கோட்டின் பொத்தானைப் போட்டார். சுவரில் இருந்த எட்டு முகங்களையும் ஒருமுறை பார்த்தார். கதவுவரை போன பிறகுதான் பின்னால் வேறு நாற்காலி நகரும் சத்தம் வரவில்லை என்பது அவருக்கு உறைத்தது. திரும்பிப் பார்த்தார். தாரோன் உட்கார்ந்தே இருந்தான். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திருகி மூடிக்கொண்டிருந்தான், அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது. அப்பாவைப் பார்க்கவில்லை.

வாடகை வண்டியில் அவர் வீட்டுக்குப் போனார்.

மாலையில் தாரோன் வந்தான். வாசலிலேயே நின்றான். படத்தைத் தான் ஒருவனாகவே முடித்துத் தரப்போவதாகச் சொன்னான். அர்ஷாக் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“வேற பேரு போட்டுக்கோ. உங்க அம்மா வீட்டுப் பேரைப் போட்டுக்கோ. தெர்ஸியன்னு போடாதே.”

“அது என் பேரும்தானேப்பா.”

“அப்படி நினைச்சிருந்தா நீ அங்க உக்காந்திருக்க மாட்டே.”

தாரோன் நிமிர்ந்தபோது அவனும் தெர்ஸியன்தான் என்று முகத்தில் தெரிந்தது.

“தாத்தா ஒரு தடவை கோட்டைக் கழட்டி மாட்டினாரு, அதோட சரி. நீங்க எந்திரிச்சு எந்திரிச்சு வெளிய வந்தீங்க. ரெண்டு பேரும் கௌரவமா இருந்தீங்க, நான் இல்லைன்னு சொல்லலை. அந்த மெட்டு என்னாச்சுப்பா? நீங்க கௌரவமா இருந்த நேரத்துல அது யார் யார் வீட்டுலயோ வளந்துச்சு.”

அர்ஷாக் கதவைச் சாத்தினார். ஓங்கிச் சாத்தவில்லை. தாழ்ப்பாள் விழும் சத்தம் வெளியே கேட்கட்டும் என்று நிதானமாகப் போட்டார்.

பேத்தி பிறந்த செய்தி டோலோரெஸ் மூலம் வந்தது. ஞானஸ்நானத்துக்குத் தங்கச் சிலுவையை உறவுக்காரி ஒருத்தியிடம் கொடுத்தனுப்பினார்; தான் போகவில்லை. டோலோரெஸ் அவ்வப்போது போன் செய்து படத்தின் சேதி சொல்வாள். அவர் கேட்காததுபோல் கேட்டுக்கொள்வார். கோடை தொடங்கும் முன்பு ஒருநாள் அவள் சொன்னது அவரை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வைத்தது.

“உங்க பையன் அந்த ரெண்டு சுரத்தை மாத்திட்டான். ஆனா நடுவுல இருக்கிற இடைவெளியை விட்டுத்தர மாட்டேன்னுட்டான், அர்ஷாக். ரெக்கார்டிங்ல வாத்தியக்காரங்க எல்லாம் உக்காந்திருக்காங்க, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கம்பெனி ஆளுங்க கத்துறாங்க, இவன் மேடையில நின்னுக்கிட்டு அசையவே இல்லை. அப்படியே உங்களைப் பாத்த மாதிரி இருந்துச்சு.”

“கோல்பி?”

“அவனுக்கு மொதல்ல பிடிக்கலை. அப்புறம் ஒருநாள் திடீர்னு வந்து, அந்த இடம் அப்படியே இருக்கட்டும், ரொம்பப் பிரமாதம்னுட்டான். எனக்கே ஆச்சரியம். அதுக்கப்புறம் படம் சத்தம் சேர்க்கிறவங்க கைக்குப் போயிடுச்சு, நான் பாக்கலை.”

படம் வெளியான வாரம், ஒரு பகல் காட்சிக்கு அர்ஷாக் தனியாகப் போனார். சாம்பல் நிறக் கோட்டு, டை. அரங்கம் நிறைந்திருந்தது. படத்தில் நகரம் இடிந்தது, வானம் பிளந்தது. எட்டுப் படத்தில் இடிந்த அதே நகரம், பிளந்த அதே வானம். தாரோனின் இசை மற்ற இடங்களிலெல்லாம் டெம்ப்பின் பின்னாலேயே கைகட்டி நடந்தது. அவர் அதைச் சகித்துக்கொண்டார். அவர் காத்திருந்தது அந்த ஒரு தட்டு மௌனத்துக்காக.

சவப்பெட்டி மலைமேல் ஏறியது. மெட்டு ஏறத் தொடங்கியது. இரண்டாவது படி இடம் மாறியிருந்தது, மூன்றாவதும். அவர் பல்லைக் கடித்தார். ஆனால் நடையில் அப்பா இருந்தார். உண்மையான வாத்தியங்கள், உண்மையான மூச்சு. நாலாவது படி. வாத்தியக்காரர்கள் எல்லோரும் ஒன்றாக நிறுத்தினார்கள். அர்ஷாக் தன்னையறியாமல் எச்சில் விழுங்கினார்.

அந்த மௌனத்துக்குள்ளே, சவப்பெட்டிக்கு உள்ளேயிருந்து, தொம் என்று ஒரு சத்தம் கேட்டது.

நாயகனின் இதயம்.

அரங்கம் எழுந்து கூச்சலிட்டது. விசிலும் கைதட்டலும் கூரையை இடித்தன. கீழேயிருந்து எழுந்த குழல் யார் காதிலும் விழவில்லை. மிஹ்ரான் தெர்ஸியன் அறுபது வருடத்துக்கு முன்னால் ஒரு மனுஷிக்காகக் காலியாக விட்ட இடத்தில் பத்தாவது பாகம் தொடங்கியிருந்தது. கோல்பிக்கு ஏன் பிடித்துப்போயிற்று என்பது இப்போது அவருக்குப் புரிந்தது. தாரோனுக்கு இது தெரியுமா, தெரிந்து கொடுத்தானா, தெரியாமல் பறிகொடுத்தானா என்பது புரியவில்லை. இரண்டில் எதைத் தன் மகனுக்காக விரும்புவது என்றும் தெரியவில்லை.

படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கின. யாரும் எழவில்லை. பெயர்களெல்லாம் முடிந்த பிறகு ஒரு குட்டிக் காட்சி வைப்பது வழக்கம். அடுத்த படத்துக்கான தூண்டில். அதற்காக ஜனங்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இசை, தாரோன் தெர்ஸியன் என்று வந்து போயிற்று. அவர் மடியில் கைவைத்தபடி பார்த்தார். கணினிக்காரர்கள் பெயர் ஊர்வலமாகப் போயிற்று. கடைசியில் நன்றிப் பட்டியல். சாலையை மறித்துக் கொடுத்த காவல்துறை. நாய் பழக்குபவர். மிஹ்ரான் தெர்ஸியன். சாண்ட்விச் கொடுத்த ஒரு கடை.

அர்ஷாக் எழுந்து நின்றார். தேவாலயத்தில் நற்செய்தி வாசிக்கும்போது நிற்பதுபோல, கால்களைச் சேர்த்து, முதுகு வளையாமல். அந்தப் பெயர் திரையின் அடியிலிருந்து மேல்நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

“தாத்தா, உக்காருங்க, மறைக்குது,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். “இன்னும் ஒரு சீன் இருக்கு.”

அவர் உட்காரவில்லை. நாய்க்காரருக்குக் கீழேயும் சாண்ட்விச்சுக்கு மேலேயுமாக அந்தப் பெயர் உச்சிக்கு ஏறி, திரையின் விளிம்பில் மறையும்வரை நின்றார். பிறகு கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு இருக்கைகளுக்கு நடுவில் இருந்த வழியில் இறங்கி, யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தார். கதவு அவருக்குப் பின்னால் மூடிக்கொள்ளும்போது உள்ளே அந்த இதயம் மறுபடி அடிக்க ஆரம்பித்தது, இப்போது இடைவெளியே இல்லாமல்.